மோசஸ் அல்ல, மோகன்

என் மோகன் அண்ணனுக்கு,

உன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் உன்னை மோசஸ் என்கிறார்கள்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லை, ஆனாலும் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். நான் இப்போதும் போர்ட் பிளேர் பக்கத்தில் சிப்பிகாட் பண்ணையில்தான் இருக்கிறேன், ஜாதிக்காய்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிற வேலை. அங்கே கன்றுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் போன மழைக்காலத்தில் அந்த போன் வந்தது.

"அக்கா, நீங்க மோசஸோட தங்கச்சியா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எனக்கு மோசஸுன்னு யாரும் இல்லம்மா. ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். அடுத்த நிமிடமே திரும்பவும் அடித்தாள்.

"வச்சிடாதீங்கக்கா. பழைய ஆளுங்கள விசாரிச்சுப் போனா, ரங்கத்துல சவுண்ட் சர்வீஸ் கடைக்காரர்தான் உங்க நம்பர் குடுத்தாரு. ஏழாம் எக்காளத்துல கிதார் வாசிச்சாரே, அவரப் பத்திக் கேக்கணும்."

ஏழாம் எக்காளம். அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் உச்சரித்து எத்தனை வருடம் ஆகிறது அண்ணே?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலைக்கு இறக்கிவிடப்பட்டவர்கள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். கடற்கரையில் இருந்த நிக்கோபாரி கிராமத்தில் டேனியல் என்று அண்ணனுக்கு ஒரு சிநேகிதன், ஒத்த வயது. அந்த ஊர்ச் சர்ச்சில் இருந்த கிதாரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பழகினார்கள். பிறகு அண்ணன் வேலை தேடி போர்ட் பிளேருக்குப் போனான். அங்கே ஸ்டீபன் என்பவர் ஏழாம் எக்காளம் என்று ஒரு ராக் குழு ஆரம்பித்திருந்தார், ஆண்டவரைப் பாடுகிற குழு. அவருக்கு நல்ல குரல். பாட்டு எழுதவோ மெட்டுப் போடவோ வராது. அந்த இரண்டையும் அண்ணன் செய்தான்.

மூன்று ஆல்பம் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் டிரம் செட்டைக் கப்பலில் ஏற்றி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். முதல் கேசட் வந்த அன்று உறையில் உன் பெயரைத் தேடினேன். மோசஸ் என்று இருந்தது.

"இது யாருண்ணே?"

"நான்தான். மோகன்னு போட்டா சபைங்கள்ல வாங்க மாட்டாங்களாம். ஸ்டீபன் சொன்னான்."

"உனக்குச் சம்மதமா?"

"பேருல என்ன இருக்கு கலா. பாட்டு நம்மது."

நீ அதை வருத்தப்படாமல்தான் சொன்னாய். எனக்குத்தான் அன்றைக்கே ஏதோ கசந்தது.

போனில் வந்த பெண்ணின் பெயர் ஹெப்சி. திருநெல்வேலியில் வங்கியில் வேலை பார்க்கிறாள், நாற்பது வயது இருக்கும். பழைய கிறிஸ்தவ ராக் குழுக்களின் ஆல்பங்களைத் திரும்பக் கேட்டு, எது தேறும் எது தேறாது என்று எழுதுகிற ஒரு பக்கம் நடத்துகிறாள். அவளைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் அண்ணே. எல்லோரும் அந்தக் காலத்தில் வாலிபர் முகாம்களில் கைதட்டிக் குதித்தவர்கள். இப்போது தலை நரைத்தபின் உட்கார்ந்து நட்சத்திரம் போடுகிறார்கள்.

உங்கள் முதல் ஆல்பம் 'மதில் விழும்'. அதற்கு இரண்டு நட்சத்திரம். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதாம். அந்தக் காலத்தில் சபை சபையாக ஓடிய 'வெண்ணங்கி'க்கு இரண்டரை. கீபோர்டு சத்தம் அதிகமாம், வார்த்தைகளில் ஆழம் இல்லையாம். மூன்றாவது, 'பதில் வரவில்லை'. அதற்கு ஐந்து.

கீழே ஒரு ஆள் எழுதியிருந்தார், இதுதான் நேர்மையான விசுவாசம் என்று. இன்னொருவர், காலத்துக்கு முன்னால் பிறந்த ஆல்பம் என்று. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்று நினைத்துவிடாதே.

ஏனென்றால் அந்த ஆல்பம் வந்த வருடம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். மெயின்லேண்டில் ஒரு முகாமில் அதன் கேசட்டுகளைக் குவித்துப் போட்டு உடைத்தார்கள். தலைப்புப் பாட்டில் இருந்த இரண்டு வரிதான் காரணம்.

'மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல.
மேலேயும் அடிச்சுப் பாத்தேன், அங்கேயும் ஆளில்ல.'

கடவுள் இல்லை என்று பாடிவிட்டார்கள் என்று செய்தி தீவு வரைக்கும் வந்துவிட்டது. போர்ட் பிளேரில் ஸ்டீபனின் சபையில் விசாரிக்கக் கூட்டம் போட்டார்கள். துணைக்கு வா என்று என்னையும் கூப்பிட்டாய். நான் பின்னால் கதவோரம் நின்றேன். பெரியவர் ஒருவர் பாட்டை யார் எழுதினது என்று கேட்டார். ஸ்டீபன் எழுந்து நின்றார்.

"அத நான் எழுதல. எழுதினவன் ஞானஸ்நானமே எடுக்காதவன். மோசஸ்ங்கறதும் அவன் பேரு இல்ல."

ஏழு வருடம் அவரே மூடி வைத்த பெயரை அன்றைக்கு அவரே திறந்தார். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ ஸ்டீபனைப் பார்த்தாய். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. நான் எடுக்கல" என்றாய். கிதார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்தால் அம்மா, "அவங்க சாமி நமக்கு எதுக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "நல்லா வேணும் உனக்கு" என்றேன்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய் அண்ணே. ஸ்டீபனைப் பார்த்த அதே பார்வை.

அதற்குப் பிறகு நீ நடு அந்தமானில் இருக்கிற ரங்கத்துக்குப் போனாய். மைக் செட் வாடகைக்கு விடுகிற கடையில் வேலை. பெங்காலிக் கல்யாணம், துர்கா பூஜை, தெலுங்குக்காரர்கள் கோயில் விழா, சர்ச் கன்வென்ஷன் எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்தாய். யாரோ பாடுவதற்கு மேடை போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாய். கிதாரை என்ன செய்தாய் என்று எனக்கு இன்று வரை தெரியாது. கடைசியில் ஒரு பெட்டியை மேடைக்கு ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். அங்கிருந்தவர்களுக்கு நீ மைக் செட் மோகன். அவ்வளவுதான் தெரியும்.

இதையெல்லாம் ஹெப்சியிடம் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அந்த முகாம்ல நானும் இருந்தேன். எனக்குப் பத்தொம்பது வயசு. நானும் ஒடச்சேன்."

"அதுக்கு நான் என்னம்மா செய்யணும்?"

"மன்னிச்சிருங்கக்கா."

"நீ ஒடச்சது என்னோடது இல்ல. யார்கிட்ட கேக்கணுமோ அந்த ஆளு இப்ப இல்ல. சரி, அந்தப் பாட்ட எனக்கு அனுப்பு."

"உங்ககிட்ட இல்லையாக்கா?"

இல்லை என்றேன். அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன் அண்ணே, அந்த ஆல்பத்தை நான் கேட்டதே இல்லை. நீ கொண்டுவந்து கொடுத்ததை உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். வீடு மாறும்போது அது எங்கே போனது என்றுகூடப் பார்க்கவில்லை. உடைத்தவர்களாவது ஒரு தடவை கேட்டுவிட்டு உடைத்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டேன். ஆரம்பத்தில் உன் கிதாரில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப, இரண்டிரண்டாக, விட்டு விட்டு வருகிறது. எழுதுகிறவர்கள் எல்லோரும் அதை ஜெபம் என்கிறார்கள், தட்டப்படும் கதவு என்கிறார்கள். எனக்குக் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. அது டெலிபோன் மணி.

சுனாமி வந்தபோது நானும் அப்பா அம்மாவும் கச்சாலில் இருந்தோம். தோட்டம் மேட்டில் இருந்ததால் பிழைத்தோம். நீ போர்ட் பிளேரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நின்று தோட்ட ஆபீஸ் நம்பரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாய் என்று பூத்துக்காரரே பிறகு சொன்னார். நாள் கணக்காக அடித்திருக்கிறாய். கடைசியில் ஆட்களை ஏற்றிவந்த கப்பல் ஜெட்டியில் நின்றபோது கூட்டத்தில் உன்னைப் பார்த்தேன். என் தலையைத் தொட்டுப் பார்த்தாய், அம்மாவைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு, "டேனியல் எங்க?" என்றாய். கடற்கரைக் கிராமத்தில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று அப்பாதான் சொன்னார்.

எடுக்க ஆளில்லை என்று நீ பாட்டில் எழுதியது எங்களை அண்ணே. நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்ட பாட்டை நான் இருபது வருடம் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

அந்த வாரமே ஸ்டீபன் கூப்பிட்டார். இப்போது சென்னையில் சொந்தமாக ஊழியம் நடத்துகிறார். ஹெப்சி எழுதியதைப் பார்த்து எல்லோரும் அவரிடம் கேட்கிறார்களாம், அந்த ஆல்பத்தைப் புதிதாக வெளியிடப் போகிறாராம்.

"கைசி ஹோ, எப்படி இருக்க கலா? ஒரு சின்ன வீடியோ வேணும்மா. கடைசிக் காலத்துல மோசஸ் ஆண்டவர ஏத்துக்கிட்டான்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். உன் வாயால வந்தா ஜனங்க நம்புவாங்க."

"ஏத்துக்கிட்டாரா?"

"உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"அரே, அவனுக்கு ஒரு மரியாதை வரட்டும்னுதான் சொல்றேன்."

"அன்னைக்குக் கூட்டத்துல எந்திரிச்சு என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு எனக்கு வேற வழி இல்ல கலா. கல்யாணம் ஆகி ஒரு மாசம். சபை ஸ்கூல்லதான் எனக்கு வேலை."

அவர் சொன்னது பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் என் கோபம் குறையவில்லை. "என் அண்ணன் பேரு மோகன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு ஹெப்சியின் பக்கத்தில் நானே எழுதினேன். பாட்டை எழுதியது மோகன், கச்சால் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, இந்துக் குடும்பம், ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அது டெலிபோன் மணி, இவ்வளவுதான். உன் போட்டோவையும் வைத்தேன், ரங்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடிக்கிற போட்டோ.

என்ன நடந்தது தெரியுமா? திரும்பவும் மதிப்பிட ஆரம்பித்தார்கள். அப்படியானால் இது கிறிஸ்தவ ஆல்பமே இல்லை என்றார் ஒருவர். நேர்மையான விசுவாசம் என்று முன்பு எழுதிய அதே ஆள், இப்போது கேட்டால் வார்த்தைகளில் ஏதோ இடறுகிறது என்று எழுதினார். பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை அண்ணே. நட்சத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர், யார் எழுதினால் என்ன, பாட்டு நல்ல பாட்டு என்றார்கள். அவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஹெப்சி தன் ஐந்தைக் குறைக்கவில்லை. மோசஸ் என்று எழுதிய இடத்தில் எல்லாம் மோகன் என்று மாற்றினாள். அதற்காக அவளைத் திட்டியவர்களில் அவள் சொந்தத் தம்பியும் உண்டாம். இன்னும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டால் எடுக்கிறேன்.

ஸ்டீபன் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார். தலைப்புப் பாட்டு அதில் இல்லை. ஆல்பத்தின் பெயரை 'பதில் வரும்' என்று மாற்றியிருக்கிறார். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். நீ இருந்தால் நீயும் சிரித்திருப்பாய், அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அவன் யாரத்தான்டி கும்பிட்டான்?" என்றாள். ரங்கத்தில் உன் அறையைக் காலி செய்தபோது சுவரில் சிலுவையும் இல்லை, முருகன் படமும் இல்லை. ஒரு காலண்டர்தான் இருந்தது. உன்னிடம் இதை ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டியவள் நான். உனக்கு என்ன ஆனது என்று ஒரு தங்கச்சி கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? நல்லா வேணும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

அதனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நீ வாய் திறந்து சொல்லாத எதையும் உன் சார்பில் நான் சொல்ல மாட்டேன். சர்ச்சுக்காரர்களுக்காகவும் சொல்ல மாட்டேன், நம்மவர்களுக்காகவும் சொல்ல மாட்டேன், அம்மாவின் நிம்மதிக்காகக்கூடச் சொல்ல மாட்டேன். என் அண்ணன் யாரை நம்பினான் என்று எவர் வந்து கேட்டாலும், எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

கேட்காமல் விட்ட உன் தங்கச்சி,
கலா
சிப்பிகாட்