வெள்ளிக்கிழமை டெலிபோனும் அமெரிக்கச் சரித்திரமும்

5 ஜனவரி 1996, வெள்ளி. பிளேஸ்டோ, லண்டன்

பனிமூட்டம். எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஹீற்றர் சுவருக்குள்ளே ஆரோ தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருக்கிறது.

சபா அண்ணை கோலியர்ஸ் வுட் அச்சகத்திலிருந்து கொம்பியூட்டரை இங்கேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். புது வேலை. அமெரிக்காவின் ஆரம்ப காலச் சரித்திரம், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, சுருக்கமாக. ஆங்கிலத்தில் இருப்பதை நான் தமிழாக்கி, நானே அடித்தும் கொடுக்க வேண்டும்.

"அங்கை படிக்கிற பிள்ளையளுக்குத் தமிழிலை என்னத்துக்கு அண்ணை?"

"பிள்ளையளுக்கில்லைத் தங்கச்சி, தாய்மாருக்கு. பிள்ளை என்ன படிக்குது எண்டு தாய்க்கும் தெரியவேணுமல்லோ."

முதற்பக்கத்திலேயே மூன்று இடத்தில் 'துணிச்சல்'. இரண்டை வெட்டினேன்.

பின்னேரம் டெலிபோன். இரண்டு தரம் அடித்து நின்றுவிட்டது. தொடர்ந்து மூன்றாவது வெள்ளி. ரவிதான். வேறு ஆர்?

ஐப்பசிக் கடைசியில், ஆமி வருகுது என்று, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. தம்பி ரவியும் அதற்குள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, கண்டேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆனால் புரட்டாசியில் இந்த வீட்டு நம்பரை ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். கொழும்புக்கு வந்தால் டெலிபோனை இரண்டு மணி அடிக்கவிட்டு வை, நான் எடுக்கமாட்டேன், காசு போகாது, உயிரோடு இருக்கிறாய் என்று விளங்கிக்கொள்வேன் என்று எழுதியிருந்தேன்.

கிடைத்திருக்கிறது. கடவுளே.

7 ஜனவரி, ஞாயிறு

பல்ப். பச்சை அரிசி, சர்க்கரை (வாற கிழமை திங்கள் பொங்கல்). ரவிக்கு ஸ்வெற்றர் வாங்கத் தேவையில்லை, கொழும்பில் வெயில். என் புத்தி.

அத்தியாயம் 2 முடிந்தது. நூற்றுச் சொச்சம் ஆட்கள் ரோனோக் என்ற தீவில் இறங்குகிறார்கள். ஆளுநர் சாமான் எடுத்துவர இங்கிலாந்துக்குத் திரும்புகிறார். போகுமுன் ஒரு ஏற்பாடு: நீங்கள் இடம் மாறினால் போகும் இடத்தின் பெயரை மரத்தில் வெட்டிவிடுங்கள், ஆபத்து என்றால் மேலே ஒரு சிலுவை. யுத்தம் வந்து கப்பல் கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து வந்து பார்த்தால் வீடுகள் கழற்றப்பட்டிருக்கின்றன. ஒரு கம்பத்தில் பக்கத்துத் தீவின் பெயர். சிலுவை இல்லை. அங்கே போக வெளிக்கிட்டபோது புயல், கப்பல் திரும்பிவிட்டது. அவ்வளவுதான். அந்தச் சனத்தை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

அதில் அவருடைய மகளும், பிறந்து சில நாளான பேத்தியும்.

சிலுவை இல்லை என்று கண்டதும் மனிதனுக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும். எனக்குத் தெரியும் அந்தச் சந்தோசம்.

9 ஜனவரி, செவ்வாய்

பாமசியில் வேலை முடிந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் சனம் டெலிபோன் எடுக்கப் போகும் கொமியூனிகேசன் கடைக்கு எடுத்தேன். ரவி வந்தால் அங்கேதான் வருவான் என்று ஒரு நினைப்பு. கடைக்காரனிடம் அடையாளம் சொன்னேன்: உயரம், கண்ணாடி, இடது புருவத்தில் தழும்பு.

"இஞ்ச எத்தினை பேர் வருகினம் அக்கா. வெள்ளிக்கிழமையிலை லைன்ல நிப்பினம். எல்லாரும் ரெண்டு மணி அடிச்சுப்போட்டு வைக்கிற ஆக்கள்தான். எனக்கு என்ன லாபம் சொல்லுங்கோ."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

12 ஜனவரி, வெள்ளி

தலையிடி. மழை. பின்னேரம் அடித்தது. இரண்டு. 'ஓமடா தம்பி' என்று வாய்விட்டுச் சொன்னேன், வெறும் அறையில். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அத். 4. கப்பலில் வந்த புதுச்சனம் குடியேறிய இடம் வெறுங்காடு அல்ல. ஒரு ஊர். திருத்திய நிலம், விதைத்த அடையாளம். இவர்களுக்கு முந்தி வந்துபோன கப்பல்களோடு வந்த தொற்று வருத்தம் அந்த ஊர்ச்சனத்தை முழுக்க முடித்திருந்தது. எலும்புகளை எடுத்துப் புதைக்கக்கூட ஆளில்லை. இறந்தவர்களின் வயலில்தான் இவர்கள் வீடு கட்டினார்கள்.

அந்த ஊர்க்காரன் ஒருவன் மட்டும் மிச்சம். அதற்கு முதலே அவனைப் பிடித்துக் கடல்கடந்து விற்றுவிட்டார்கள். எப்படியோ தப்பி எங்கே வந்து இருந்தான் என்றால், லண்டனில். இங்கே. வருடக்கணக்காக ஊரை நினைத்துக்கொண்டு இருந்து, கடைசியில் கப்பலேறித் திரும்பிப் போகிறான். ஊரில் ஒருவரும் இல்லை.

மூல நூலில் இதற்கு இரண்டே வரி. அடுத்த பத்தியில் நன்றித் திருநாள் விருந்து, வான்கோழி. நான் அரைப் பக்கம் எழுதினேன். சபா அண்ணை கத்தட்டும்.

14 ஜனவரி, ஞாயிறு

காலையில் மேல்மாடி சாந்தி அக்கா பொங்கல் பானை இரவல் கேட்டு வந்தா. சும்மா இருக்காமல் ரவியின் கதையைச் சொன்னேன். இரண்டு மணி என்றதும் அவவின் முகம் மாறியது. கையில் வாங்கிய பானையைக் கீழே வைத்தா.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமையோ?"

"ஓம்."

"உமக்கு முந்தி இதிலை நேசன் எண்டு ஒரு பொடியன் இருந்தவர். அவரின்ரை தாய் கொழும்பிலை. ஒவ்வொரு வெள்ளியும் ரெண்டு மணி அடிப்பா. நேசனுக்குப் போன ஆனியிலை வேலை செய்யிற பெற்றோல் ஸ்ரேசனிலை நெஞ்சு நோ வந்தது. கதிரையிலை இருந்தவர் எழும்பேல்லை. தாய்க்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டுதான் கேள்வி."

நம்பர் வீட்டோடு வந்த நம்பர். எங்கள் சனம் எல்லாருக்கும் ஒரே விதி, இரண்டு மணி. இதை நான் யோசித்திருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து மார்கழி நடு வரை வெள்ளிதோறும் ஓவர்டைமில் நின்றேன், அதனால்தான் தொடக்கத்திலிருந்து கேட்கவில்லை.

சாமிப்படம் வைத்திருக்கும் மூலையில் நான் வரும்போதே சுவரில் கற்பூரக் கரி இருந்தது. அந்தக் கரிக்கு நேரேதான் என் படத்தையும் மாட்டியிருக்கிறேன். நேசனின் இடம்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கவில்லை. ரவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று கிழமை தெரிந்த மாதிரி இருந்தேன், அவ்வளவுதான். பாமசியில் ஒருத்திக்கு மருந்து மாறிக் கொடுக்கப் பார்த்தேன்.

19 ஜனவரி, வெள்ளி

மத்தியானத்திலிருந்து டெலிபோனுக்குப் பக்கத்தில். ஒரு வரியும் மொழிபெயர்க்கவில்லை. அடித்தால் அது ரவிதான் என்று இன்னும் ஒரு பைத்தியக்கார எண்ணம்; ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். கடல் இரையும் சத்தம். பிறகு ஒரு வயது போன குரல்.

"ஆரது?"

"நான்... இந்த வீட்டிலை இருக்கிறன், அம்மா."

"தம்பி நிக்கிறானோ?"

வாயில் வந்தது இதுதான்: "ஓம் அம்மா. வேலைக்குப் போயிட்டார்."

கடைக்காரன் பின்னால் ஏதோ சொல்வது கேட்டது.

"பிள்ளை, அவன் இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஆவணியிலேயே ஒருத்தர் வந்து சொல்லிப்போட்டார்."

"அப்ப ஏனம்மா..."

"அங்கை மணி அடிக்கிறது இஞ்ச எனக்குக் கேக்கும். அவன்ரை வீட்டிலை அடிக்குது. அது காணும் எனக்கு." மூச்சு வாங்கினா. "இனி நீர் எடுக்காதேயும். எடுத்தா அவன் இல்லையெண்டு ஆயிடும்."

வைத்துவிட்டா. நேசனின் தாயிடம் ரவியைப் பற்றிக் கேட்டிருக்கலாமோ. என்னவென்று கேட்பது.

23 ஜனவரி, செவ்வாய்

சபா அண்ணை டெலிபோனில். நான் பதறி எடுத்ததில் அவரே பயந்துபோனார்.

"ரோனோக் சனத்துக்கு என்ன நடந்தது எண்டு கடைசியிலை ஒரு வரி போடும் தங்கச்சி. பிள்ளையள் கேக்குங்கள், தாய்மார் என்னெண்டு சொல்லுறது?"

"தெரியாது அண்ணை. ஒருத்தருக்கும் தெரியாது."

"பக்கத்துத் தீவுச்சனத்தோடை சேர்ந்து சுகமா இருந்திச்சினம் எண்டு போடுமன். ஆர் வந்து பாக்கப்போறது?"

போட ஏலாது என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் போல.

26 ஜனவரி, வெள்ளி

வெளியே உறைபனி. அத். 6, தேயிலையைக் கடலில் கொட்டுகிறார்கள். ஒரு மாதிரி நடக்கிறது.

பின்னேரம் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

எடுக்கவில்லை. அந்த அம்மாதான், நன்றாகத் தெரியும். ஆனாலும் ரவி சுகம்.