வெறும் பெட்டியோடு திரும்பிய வழி

"திரும்பி வரேக்கை பெட்டி வெறுமையெண்டால், பின் ஸ்பிரிங்கை மூண்டு படி இறக்கிப்போட்டு வாங்கோ, அப்பா."

அன்று காலை உங்களுக்கு நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வசனம்தான்.

இன்று கடைக்கு ஒருவர் வந்தார். நான் இப்போதும் அதே மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில்தான் வேலை செய்கிறேன். அவர் கண்ணாடி மேசையில் கையை ஊன்றியதும் ஐஸ் தண்ணீரும் சூடை மீனும் கலந்த அந்த மணம் வந்தது. "பிள்ளை, மீன் பெட்டி கட்டி ஓடுற மோட்டார் சைக்கிள். பின்பக்கம் குந்துது. கிடக்கிறதுக்குள்ளை இறுக்கமான ஸ்பிரிங்காத் தாங்கோ" என்றார். நான் ஸ்பிரிங் பெட்டியை எடுக்கத் தட்டுக்குப் போய், எதற்காகப் போனேன் என்பதை மறந்து நின்றேன்.

உங்களுடைய வண்டியும் குந்தித்தான் போயிருந்தது. கொழும்புத்துறையில் மீன் எடுத்து, வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு நீங்கள் கொண்டுபோன வருடங்கள் எத்தனை! உப்புக்காற்றில் முன்சில்லைத் தாங்கும் குழாய்கள் துருப்பிடித்து, ஒயில் வழிந்து, முன்சில்லு பள்ளங்களில் இடித்தது. பெட்டியின் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, வளைவுகளில் வண்டி நெளிந்தது. வண்டியை விற்றுவிட்டுச் சந்தையில் ஒரு மேசை எடுக்கும்படி அம்மா நச்சரித்தார்.

"சந்தையிலை இருந்து ஈ கலைக்கச் சொல்லுறியோ? அதைவிட என்னைப் பாயிலை கிடத்திவிடு" என்றீர்கள். நான் இடையில் புகுந்து, வண்டியைத் திருத்தித் தருகிறேன், அதற்குப் பிறகும் நெளிந்தால் விற்கலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொண்டார்.

நல்லூர்த் திருவிழா நடந்த நாட்கள் அவை. சைவ வீடுகளில் மீன் வாங்கமாட்டார்கள் என்பதால் உங்களுக்கும் ஓய்வு. எங்கள் முற்றத்தில் சாக்கு விரித்து முன் குழாய்களைக் கழற்றினேன். துருப்புள்ளிகளை மெல்லிய அரத்தாளால் உரஞ்சினேன். ஒயில் வழியாமல் புது சீல் போட்டேன். இருமல் மருந்தின் அளவுக் கிண்ணத்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு ஒயில் ஊற்றினேன். நீங்கள் கதிரையில் இருந்து, "கோயில் விளக்குக்கு ஊத்துறமாதிரி ஊத்துறாய்" என்று பகிடி பண்ணினீர்கள். பின்பக்கத்துக்குத் தடித்த ஸ்பிரிங் இரண்டு. அவற்றின் கீழே ஐந்து படிகள் உள்ள வளையம். அதைக் கொக்கிச் சாவியால் திருகித் திருகி, ஸ்பிரிங் நன்றாக இறுகும்படி மேற்படிக்கு ஏற்றினேன். மீன் பெட்டியில் ஈரமணல் நிரப்பி, உங்களை ஏற்றி, கடலோர வீதியில் ஓடவிட்டுப் பார்த்தேன். தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. நீங்கள் இறங்கி வந்து என் தலையில் கையை வைத்தீர்கள்.

பின்னேரம் மணலைக் கொட்டிவிட்டு, வண்டியை உள்ளே எடுக்கமுன் எங்கள் ஒழுங்கையின் முடிவுவரை நானே ஓடிப்பார்த்தேன். பாரமில்லாத பின்சில்லு ஒவ்வொரு மேட்டிலும் நிலத்தை விட்டுக் கிளம்பியது. திருப்பத்தில் அது பக்கவாட்டில் ஓரடி தள்ளி விழுந்தது. நான் காலை ஊன்றித்தான் நின்றேன். நிறைந்த பெட்டிக்காகவே எல்லாவற்றையும் சரிசெய்திருந்தேன். நீங்கள் திரும்பி வரவும் வேண்டும் என்பது என் கணக்கில் இருக்கவில்லை.

அதனாலென்ன, விடியச் சொல்லலாம், சாவியையும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வழமையாக விற்காத மீனும் ஐஸும் பாதிப் பெட்டி திரும்பி வரும். அந்தப் பாரம் போதும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள்தான் திருவிழா முடிந்து வந்த முதல் வியாபார நாள். துறையில் பெட்டி கட்டும் இடத்துக்கு நானும் வந்தேன். கொக்கிச் சாவி என் கைப்பையில் இருந்தது. உங்களோடு மீன் எடுக்கும் அல்போன்ஸ் மாமா எல்லோர் காதிலும் விழும்படி தொடங்கினார்.

"மோள் பூட்டின வண்டியோ? அப்ப பின்னாலை ஒரு அம்புலன்சும் வரச் சொன்னனியோ?"

"உன்ரை வண்டிக்குத்தான் அம்புலன்ஸ் வேணும். உது என்ரை பிள்ளை பூட்டினது" என்றீர்கள். "ஒருக்காப் பூட்டினால் பூட்டினதுதான். இனி ஒருத்தனும் சாவி வைக்கத் தேவையில்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இல்லை அப்பா, திரும்பி வரேக்கை நீங்கள் சாவி வைக்கவேணும்" என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். நான் சிரித்தேன். பைக்குள் சாவியைப் பிடித்திருந்த கையை வெறுங்கையாக வெளியே எடுத்து உங்களுக்கு அசைத்தேன்.

பத்தரை மணிக்குக் கடைக்கு உங்கள் அழைப்பு வந்தது. "பிள்ளை, பெட்டி காலியடி! ஒரு மாதமா மீன் தின்னாத சனம், சண்டை பிடிச்சு வாங்குது. ஒரு சூடைகூட மிச்சமில்லை. ஐஸையும் கொட்டிப்போட்டன். பறந்து வாறன்."

எனக்கு முன்னால் மூன்று மெக்கானிக்குகள் சாமான் வாங்க நின்றார்கள். பக்கத்தில் முதலாளி. நான் பூட்டியது பிழை என்று அவர்கள் காதில் விழப்போகிறது என்பதைத்தான் அந்தக் கணத்தில் நான் யோசித்தேன்.

"ஓம் அப்பா. கவனமா வாங்கோ."

தொலைபேசியை வைத்தேன். முதலாளியிடம்கூடச் சொல்லாமல் பின்பக்கம் போய் உங்களுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடும்போது நீங்கள் தொலைபேசி எடுக்கமாட்டீர்கள். அந்தப் பழக்கத்தை உங்களுக்கு வற்புறுத்தி உண்டாக்கியவளும் நான்தான். நான்கு முறை அழைத்தேன். பதினொன்று ஆனது. பதினொன்றே கால். கடையைத் தாண்டிப் போன ஒவ்வொரு பெட்டி கட்டிய வண்டியையும் வாசலில் நின்று பார்த்தேன். ஐந்தாம் முறை யாரோ எடுத்தார்கள். உங்களுடைய குரல் இல்லை.

ஆசுப்பத்திரியில் உங்கள் கட்டிலருகே அம்மா அழுதுகொண்டிருந்தார். "நாயொண்டு குறுக்கை வந்திட்டுது" என்றீர்கள். அம்மா தண்ணீர் எடுக்கப் போனதும் நான் கேட்டேன்: "என்ன நிறம் அப்பா?"

"நாய் என்ன நிறமாயிருக்கும்? நாய் நிறந்தான்" என்றுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டீர்கள்.

அடுத்த நாள் அந்த இடத்துக்குப் போனேன். மானிப்பாய் தாண்டி, தார் அலையலையாகக் கிடந்த ஒரு வளைவு. பின்சில்லு ரயரின் கருங்கோடு ஒரு சாண், பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரு சாண், பிறகு ஒன்றுமில்லை. சில்லு நிலத்தில் நிற்கவில்லை. அந்த விட்டுவிட்டு விழுந்த கோடுகளை வாசிக்க என்னைத் தவிர அங்கே யாருமில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்தபிறகும் உங்களிடம் அதைக் கதைக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. எனக்குத் தெரியுமென்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதைத்தான் நான் இன்னும் சுமக்கிறேன்.

இன்று வந்தவரிடம், "வரேக்கை பெட்டியிலை என்ன இருக்கும் ஐயா?" என்று கேட்டேன். "என்ன கிடக்கும், காத்துத்தான்" என்றார். நடுத்தர ஸ்பிரிங் எடுத்துக் கொடுத்து, எந்தப் படியில் போகவேண்டும், எந்தப் படியில் வரவேண்டும் என்று அட்டையில் எழுதினேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் உரக்கத்தான் சொன்னேன்.

அன்று உங்களுடைய இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. அது நேராகப் பொருந்தவில்லை. கிளச்சைப் பிடிக்கும் பலம் அந்தக் கைக்குத் திரும்பவில்லை. ஐப்பசியில் வண்டியை விற்றோம். மூன்று வருடம் சந்தையில் மேசைக்குப் பின்னால் இருந்து மீன் விற்றீர்கள். நான்காம் வருடம் நெஞ்சுவலி வந்து இறந்தீர்கள்.