மஞ்சள் 31

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கு அதுவும் இல்லாமல் இருக்கட்டும். எங்கள் ஆட்டுப் பண்ணையில் வரலாற்றுச் சிறப்புள்ள ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. ஏழு பேர் கொண்ட குழு இரண்டு மணி நேரம் கூடி, செம்மறிகளின் காதில் தொங்கும் எண் வில்லை இனி மஞ்சளாக இருக்கக் கூடாது, நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மஞ்சள் வெயிலில் வெளுக்கிறதாம். மேலாளர் எழுந்து நன்றி சொன்னார். நானும் கை தட்டினேன்.

மறுநாளே பழைய வில்லைகளைக் கத்தரித்து வாளியில் போட்டுவிட்டுப் புதியதைக் குத்தினார்கள். கதவு வழியாக எந்த ஆடு முதலில் வந்ததோ அது நீலம் ஒன்று. பதிவேட்டில் எழுதியது நான். அச்சடித்து வந்த படிவத்தில் புது எண்ணுக்குக் கட்டம் இருந்தது, பழைய எண்ணுக்கு இல்லை. ஒரு கோடு இழுத்திருந்தால் கட்டம் ஆகியிருக்கும், இருபத்தாறு வருஷ குமாஸ்தாவுக்கு அது தோன்றவில்லை. உன் அம்மா அங்கே வேலை பார்த்தவரை எண்ணே தேவைப்படவில்லை, இவள் அவளுடைய மகள், அவள் இன்னாருடைய பேத்தி என்று மந்தை முழுவதையும் வாயாலேயே ஒப்பித்துவிடுவாள். அவள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது என்பதை நான் படிவத்தில் கணக்கில் எடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஆய்வக அறிக்கை வந்தது, வில்லை மாற்றும் முன் எடுத்த ரத்தத்துக்கு. உடம்பில் ஒரு சங்கதி தாயிடமிருந்து மட்டுமே வருமாம், அப்பனுக்கு அதில் பங்கே கிடையாதாம், மகள்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாளாம். அதை வைத்துப் பார்த்ததில் நம் பண்ணையின் நாட்டுச் செம்மறி மந்தை முழுவதும் மூன்றே மூன்று தாய்களிலிருந்து வந்தது என்று தெரிகிறது. முதல் இரண்டின் வழியில் நிறைய ஆடுகள். மூன்றாவது தாயின் வழியில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, மஞ்சள் 31, இதுவரை கிடாக்குட்டியாகவே ஈன்றவள், எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள். உன்னிடம் இருப்பதும் உன் அம்மாவுடையதுதான், என்னுடையது துளியும் இல்லை என்று புரிந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

கழித்துக்கட்ட வேண்டிய ஒன்பது கிழட்டு ஆடுகளுக்குப் புதன்கிழமை லாரி வருவதாக இருந்தது. அந்த ஒன்பதில் 31-உம் இருக்கலாம், மறுபடி ரத்தம் எடுக்கும்வரை நிறுத்துங்கள் என்று மேலாளரிடம் போய் நின்றேன். “ஒரு ஆட்டுக்காக லாரிய நிறுத்தச் சொல்றீங்க, அதுவும் எந்த ஆடுன்னே தெரியாம?” என்றார். கேள்வியில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. கொட்டகையில் போய் அந்த ஒன்பதையும் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது உன் அம்மா மந்தையில் ஒருத்தியைப் பற்றி அடிக்கடி சொல்வாள், “அவ வந்த வழியே வேறங்க, முகத்தப் பாத்தாலே தெரியும்.” முகத்தில் என்ன என்றும் சொல்லியிருப்பாள். நான் செய்தித்தாளைப் பார்த்தபடி ம் போட்டிருப்பேன். ஒன்பதும் என்னை ஒரே மாதிரிதான் பார்த்தன.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு நேரே கொட்டகைக்கு ஓடி அம்மா பின்னாலேயே அலைந்தவள் நீ, அவள் சொன்னதற்கெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டவளும் நீ. செவ்வாய்க்கிழமை மூன்று தடவை கூப்பிட்டேன், வேலையில் இருந்தாய் போலிருக்கிறது. நீ திரும்பக் கூப்பிட்டு, “என்னப்பா, ஏதாவது விஷயமா?” என்று கேட்டாய். அந்த முகத்தைப் பற்றி நான் கேட்டிருந்தால், அம்மா உங்ககிட்டதானே தினமும் சொன்னாங்க என்று நீ சொல்லியிருப்பாய். “சும்மாதான்மா” என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். புதன்கிழமை காலை லாரி வந்தது, ஏறும்போது ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தேன்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மா சொன்னதில் உனக்கு ஞாபகம் இருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை, ஆடுகளைப் பற்றித்தான் என்றில்லை. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. கடிதத்தை ஒட்டும் முன் ஆய்வகத்தின் புது அறிக்கை வந்தது. மீதமுள்ள ஆடுகள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டார்கள். மந்தையில் இரண்டு தாய்வழிகள் இருக்கின்றன.