ஒன்பதாம் வகுப்பில் சொன்ன பொய்

ஓஷ் அருகே,
14 அக்டோபர் 2021

அன்புத் தங்கை புருலாய்க்கு, அண்ணன் ஜானிபாய் எழுதுவது.

நாங்கள் நலம். ஒரு வாரமாக நீ போனை எடுப்பதில்லை. அதனால் மாஸ்கோ பஸ் டிரைவரிடம் இதையும், உலர்ந்த ஆப்ரிகாட் பை ஒன்றையும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் ஷெகெர் நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. சளி என்கிறாள். மாத்திரையையும் தொடுவதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது ஆஸ்பத்திரி ஊசியால் எச்.ஐ.வி. தொற்றியதிலிருந்து, ஒரு வேளை தப்பாமல் விழுங்கி வளர்ந்தவள். நீ சொன்னால் கேட்பாள்.

குறை சொல்வதாக நினைக்காதே. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகத் தலைநகரில் கிடைத்த ஆய்வு வேலையை விட்டவன் நான். நீ யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாய், மாஸ்கோ போனாய். உன் பிள்ளையையும் நான்தான் வளர்க்கிறேன். என்னிடம் படித்தவள் இன்று எனக்குத் தலைமையாசிரியை. அவள் உத்தரவு போட்டாள் என்று போன வாரம் ஷெகெரின் வகுப்புக்கு எச்.ஐ.வி. பாடம் எடுத்தேன். நன்றாகவே நடந்தது.

உன் அண்ணன்,
ஜானிபாய்

மாஸ்கோ,
23 அக்டோபர்

அண்ணா,

பழம் வந்து சேர்ந்தது. போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

நன்றாக நடந்தது என்றா எழுதினீர்கள்? ஷெகெர் அன்றைக்கே போனில் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதை உங்கள் கையெழுத்திலும் பார்க்க வேண்டும் எனக்கு.

அவளை இங்கே கூட்டிவர வழியில்லை. ரத்தப் பரிசோதனைத் தாள் கேட்பார்கள், பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் வீட்டை விட்டால் அவளுக்கு வேறு வீடு கிடையாது. அது உங்களுக்கும் தெரியும்.

தனிக் கிண்ணம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே, அண்ணா.

புருலாய்

ஓஷ் அருகே,
2 நவம்பர்

புருலாய்,

எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாடம் வரும்போதெல்லாம், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் தள்ளிவிடுவேன். இங்கே எல்லா வாத்தியாரும் செய்வதுதான். இந்த முறை முடியவில்லை. உடலுறவு என்ற சொல்லைக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சார், சத்தமா! பின்னாடி கேக்கல!" என்றான் ஒருவன். ஒரே சிரிப்பு. ஆணுறையைத் தாண்டிக் குதித்து, எனக்குச் சுலபமான இடத்துக்கு வந்தேன். ஒரே கிண்ணத்தில் டீ குடித்தால் பரவாது, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றால் பரவாது என்றேன்.

பக்கத்து வீட்டு ஜிபார் எழுந்தாள். "அப்ப உங்க வீட்ல ஷெகெருக்கு மட்டும் எதுக்கு சார் தனிக் கிண்ணம்? மத்த கிண்ணமெல்லாம் கை மாறி மாறித்தானே வருது?"

"அவளுக்குத் தொண்டைப் புண்."

"ஏழு வருஷமாவா சார்?"

முப்பது தலைகளும் ஷெகெர் பக்கம் திரும்பின. பக்கத்தில் இருந்தவள் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் மணி அடிக்கும்வரை சாக்பீஸைத் தேடுவதுபோல் நின்றேன்.

சூசர்தான் செய்தாள் என்று என் மனைவிமேல் பழி போடலாம். நீ நம்பியும் விடுவாய். ஆனால் அந்தக் கிண்ணத்தைத் தனியாக எடுத்துவைத்தவன் நான். பரவாது என்று தெரிந்த நான். படித்தது மூளையில் இருந்தது, கை கேட்கவில்லை. ஜிபார் கேலிக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பியதால்தான் கேட்டாள்.

ஜானிபாய்

மாஸ்கோ,
11 நவம்பர்

அண்ணா,

எழுதியதற்கு நன்றி சொல்ல மாட்டேன்.

அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று, பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். அதற்கு முன் ஷெகெரிடம் கேளுங்கள். அது அவள் நோய். உங்கள் மனதை ஆற்றிக்கொள்வதற்காக அதை எடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள். அவள் வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

எப்படியாவது மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள், அண்ணா. நான் இங்கே தூங்குவதில்லை.

புருலாய்

ஓஷ் அருகே,
24 நவம்பர்

புருலாய்,

கேட்டேன். கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் உள்ளிருந்தே பதில் வந்தது: "சொல்லுங்க மாமா. ஆனா நான் இல்லாதப்ப சொல்லாதீங்க. நான் அங்க இருக்கும்போது சொல்லுங்க."

முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஷெகெருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, கிண்ணத்தால் பரவாது என்று தெரிந்தே நான் பயந்தேன், பயத்தை மறைக்கப் பொய் சொன்னேன் என்றேன். இந்த முறை கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. பிறகு பின்வரிசைக்காரன் கேட்டான்: "நாங்க தப்பாச் சொன்னா ரெண்டு மார்க் போட்டு ஃபெயில் ஆக்குவீங்க. உங்களுக்கு யாரு சார் போடுவா?"

முதலில் சிரித்தவள் ஷெகெர்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் இரண்டு தாய்மார் வந்து பிள்ளைகளுக்கு வேறு பெஞ்சு கேட்டார்கள். நகர்ந்து போனவள் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் ஜிபார் உட்கார்ந்திருக்கிறாள். ஆணுறைப் பாடத்தையும் எடுத்தேன். காது சிவந்தது, ஆனாலும் முடித்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து மாத்திரை போடுகிறாள். நான் எடுத்துக் கொடுத்தால் வாங்குவதில்லை, அவளே எடுத்துக்கொள்கிறாள். இனி நீ தூங்கலாம்.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று நீ கேட்பாய். இந்தக் கடிதத்தை எழுதும்போது நானே அவளிடம், "உன் அம்மாவுக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "இன்னும் இல்லன்னு எழுதுங்க மாமா" என்றாள்.

எழுதிவிட்டேன்.

ஜானிபாய்