வாசலில் கிடந்த பதினோரு ஜோடி

துத்திப்பட்டு, ஆம்பூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள மகன் ஜெயசீலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை எழிலரசி, உன் அப்பாவின் லோடு ஆட்டோ ஆக நாலு பேரும் சௌக்கியம், ஆட்டோவுக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல் இருக்கிறது. அடிஸ் அபாபாவில் நீயும் உன் வயிறும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று பள்ளிகொண்டா ரங்கநாதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், படுத்திருக்கிறாரே தவிர அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சுருக்கமா சொல்லும்மா என்கிறாய், உன் அப்பா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், பிறகு தெருவே கூடி உன்னைக் குசலம் விசாரிக்கிறது. இது உனக்கும் எனக்கும் மட்டும். அங்கே ஃபேக்டரியில் உன்னோடு வேலை செய்யும் தேவசகாயம் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறான், அவனிடம் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து மஞ்சளாக இருந்தால் ஊறுகாய் ஒழுகிவிட்டது என்று தெரிந்துகொள், அம்மாவுக்குக் காமாலை என்று பயந்துவிடாதே.

எழிலுக்குக் கோயம்புத்தூர் பக்கத்துக் காலேஜில் கெமிக்கல் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது உனக்குத் தெரியும். ஃபீசும் ஹாஸ்டலும் சேர்த்து அவர்கள் சொன்ன தொகையை உன் அப்பா ஏதோ போன் நம்பர் என்று நினைத்துக் கையில் எழுதிக்கொண்டு வந்தார். உதவித்தொகை கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் மட்டும் உங்கூட ஷூ ஃபேக்டரி தையல் லைனுக்கு வர்றேம்மா, சேத்து வெச்சிட்டு அப்புறம் படிக்கிறேன் என்றாள். அந்த ஒரு வருஷத்தை எனக்குத் தெரியும்டா. நானும் ஷூ ஃபேக்டரிக்கு ஒரு வருஷம் என்றுதான் போனேன், இருபத்திரண்டு வருஷமாக அது முடியமாட்டேன் என்கிறது. அதனால் மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜியாவுதீனிடம் போனேன், உன் அப்பாவும் பின்னாலேயே வந்தார். உதவி என்றால் எல்லாம் ஒன்று என்று நான் இருந்தேன். அந்தப் பையன் பொறுமையாகச் சொன்னான், ஸ்காலர்ஷிப் என்றால் திருப்பித் தர வேண்டாம், லோன் என்றால் வட்டியோடு தர வேண்டும், ஃபீஸ் சலுகை என்றால் பணம் நம் கண்ணிலேயே படாது, ரசீதில் கழித்துவிடுவார்கள். கண்ணுல படாத பணம் இன்னா பணம் என்று உன் அப்பா முகம் சுருங்கிவிட்டது. முதல் பட்டதாரி சலுகைக்குப் போடலாமா என்று நான் என் அறிவைக் காட்டினேன். அது வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் ஆண்ட்டி, உங்க பெரிய பையன் முன்னாடியே சாப்ட்டுட்டாரு என்றான். எங்க வீட்டுல அவன் சாப்ட்டு உடம்புல ஒட்டினது அது ஒண்ணுதான் என்றேன்.

கடைசியில் அந்தக் காலேஜே கொடுக்கிற உதவிக்குப் போடுவது என்று முடிவானது. ஃபாரம் பதினாலு பக்கம். என் கல்யாணத்துக்குக்கூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை. வருமானம் என்ற இடத்தில் உன் அப்பா, பின்னால் வரிசையில் தெரிந்தவர்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி ஒரு தொகையைச் சொன்னார். எழில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, அப்பா அது கல்யாண வூட்ல சொல்ற வருமானம், நெசத்தச் சொல்லு என்று காதில் சொன்னாள். காதில்தான் சொன்னாள், வரிசை முழுக்கச் சிரித்தது. உங்களுக்கு ஏன் உதவி தேவை என்று இன்னொரு கேள்வி. எழில் அழகாக ஒரு பக்கம் எழுதியிருந்தாள். உன் அப்பா விடவில்லை, நாங்கள் ஏழைகள் அல்ல, தற்சமயம் பணம் இல்லை, அவ்வளவுதான் என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார், ஜியாவுதீனும் அப்படியே டைப் அடித்துவிட்டான்.

அடுத்த வாரம் போன் வந்தது, சனிக்கிழமை காலேஜிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று. இதைப் பக்கத்து வீட்டு ஹலீமா பீயிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. மேல்விஷாரத்தில் அவள் நாத்தனார் மகனுக்கு வரவேண்டிய உதவி ஃபிரிட்ஜால் போய்விட்டதாம். ஃபிரிட்ஜப் பாத்தாங்கன்னா பணக்காரங்கன்னு எழுதிட்டு போய்ட்டே இருப்பாங்க அமிர்தம், எல்லாத்தையும் எங்க வூட்டுக்கு அனுப்பு என்றாள். வெள்ளிக்கிழமையே ஃபிரிட்ஜ், டிவி, மிக்சி மூன்றும் சுவர் தாண்டிப் போயின. என் தோட்டைக் கழற்றி அரிசி டின்னில் போட்டேன். உன் அப்பா ஆட்டோவை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் என்று ஃபாரத்தில் எழுதிவிட்டு ஆட்டோவை ஒளித்தால் என்னய்யா அர்த்தம் என்று கேட்டேன். நான் மட்டும் என்ன யோக்கியம், இருக்கிற சேலையிலேயே பழசாக ஒன்றைத் தேடிக் கட்டிக்கொண்டு நின்றேன், எந்த வூட்ல சாவும்மா என்று எழில் கேட்டாள்.

வந்தவர் மோகனா மேடம், காலேஜில் பாடம் நடத்துகிறவர், கோயம்புத்தூர்க்காரர். செருப்பைக் கழற்ற வாசலில் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். என்னடா என்று பார்த்தால் வாசலில் நம் ஷூக்கள், பதினோரு ஜோடி. இத்தாலி பேரில் நாலு, ஜெர்மனி பேரில் ஐந்து, மீதி என் வாயில் நுழையாத பேர். ஏற்றுமதிக்குத் தைத்து, செக்கிங்கில் கழிந்து, பண்டிகைக்குப் பண்டிகை எங்களுக்கே ஜோடி இருநூறு ரூபாய்க்குக் கொடுப்பார்களே, அதேதான். நம் ஊரில் குப்பை வண்டி தள்ளுகிறவர் காலிலும் இத்தாலிதான் ஓடுகிறது, விளக்குமாற்றை ஒளித்துவைக்க யாருக்காவது தோன்றுமா, அதுபோல் இதை ஒளிக்க எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. மேடம் ஒன்றை விரலால் தொட்டு, இதே கம்பெனி ஷூ எங்க அக்கா வீட்டுக்காரரு பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கினாருங்க, இதெல்லாம் யாருதுங்க என்றார். உன் அப்பா பெருமை தாங்காமல், எல்லாம் நம்மளுதுதான் மேடம், மழைக்குன்னு இன்னும் ரெண்டு ஜோடி உள்ள கீது என்றார். நான் அவர் காலை மிதித்தேன். அத்தனை ஷூ இருந்தும் அன்றைக்கு வெறுங்காலோடு நின்றிருந்தார், கத்திவிட்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்த மேடம் சுவரைப் பார்த்தார். டிவி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக, கீழே கேபிள் ஒயர் தொங்கிக்கொண்டு. அதை எழுதிக்கொண்டார். பெரிய பையன் எங்கே என்றார். உன் அப்பா அதற்குள் தேறிவிட்டார், ஃபாரின்ல மேனேஜர் மேடம், மாசம் ரெண்டு லட்சம் என்றார். அதையும் எழுதினார், அந்த வரிதான் ரொம்ப நீளமாகப் போயிற்று. ஃபைலை மூடிவிட்டு, தப்பா எடுத்துக்காதீங்க, எங்க உதவி உங்களுக்குத் தேவைப்படும்னு எனக்குத் தோணலைங்க என்றார். அறுபது தையல் மிஷின் சத்தம் காதில் கேட்டது, அதில் ஒன்றின் முன்னால் என் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போது எழில் முன்னால் வந்தாள். மேடம், எங்க டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி மூணும் பக்கத்து வூட்ல இருக்கு, எங்கம்மா தோடு அரிசி டின்ல இருக்கு, எழுதிக்கோங்க, ஆனா ஷூவ வெச்சி எங்கள எடை போடாதீங்க, அதெல்லாம் ஃபேக்டரில கழிச்சது என்றாள். சொல்லிவிட்டு பதினோரு ஜோடியையும் அள்ளி வந்து பாயில் கொட்டினாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் ஷூவைக் கையில் எடுத்ததும் எனக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. இதுக்கு வலது கால் சாயம் ஒரு பொட்டு கம்மி, இதுக்கு மூக்குல தோல் சுருக்கம், இது ரெண்டுமே இடது கால், இவரு ரெண்டு வருஷமா அதைத்தான் போட்டுக்கினு நடக்கறாரு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். உன் அப்பா அதைப் போட்டு நடந்தும் காட்டினார், நேராகப் போகிறவர் அடுப்படிப் பக்கம் ஒதுங்கினார், மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். ஒரு ஷூவை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில எனக்கு ஒண்ணுமே தெரியலைங்களே என்றார். உங்களுக்குத் தெரியாது மேடம், வாங்குற வெள்ளைக்காரனுக்குத் தெரியும், இந்தத் தையல் நான் போட்டது, ஒரு நூல் தள்ளிப் போய்டுச்சி, அன்னிக்கு இவளுக்கு ஜுரம் என்றேன். மேடம் அதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஃபைலைத் திறந்து வேறு தாளில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். எங்கள் சிரிப்புச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டு, வந்தவர் போய்விட்டார் என்று நினைத்த ஹலீமா பீ, ரெண்டு ஆளை வைத்து ஃபிரிட்ஜைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மேடம் எழுந்து அதற்கு வழிவிட்டார்.

நேற்று முன்தினம் காலேஜிலிருந்து லெட்டர் வந்தது. ஃபீஸ் முழுக்கத் தருகிறார்கள், ஹாஸ்டலில் பாதி. மார்க் குறையக் கூடாது, வாரத்தில் சில மணி நேரம் லைப்ரரியில் வேலை செய்ய வேண்டும். ஆனால் இதெல்லாம் தற்காலிகம்தான், வீட்டில் சம்பாதிக்கிற எல்லாருடைய வருமானச் சான்றும் முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், என்னுடையது, அப்பாவுடையது, உன்னுடையது. உன் அப்பா சொன்ன ரெண்டு லட்சம் நிஜமென்றால் ஒரு பைசா வராது.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. தேவசகாயத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஜெயசீலனுக்கு ரெண்டு லட்சம்தானே என்று உன் அப்பா கேட்டார், அவன் தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். உன் அப்பா கை கழுவப் போனபோது அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பிரியாணி வைத்தேன், அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரே ரூமில் நாலு பேர், மேனேஜர் இல்லை, லைன் சூப்பர்வைசர், சில மாசம் பாதிச் சம்பளம்தான் என்று சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, அந்தப் பிரியாணிக்கு யாரும் சொல்லியிருப்பார்கள். உன் நிஜச் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து எழில் நம்பருக்கு அனுப்பு, அப்பா நம்பருக்கு வேண்டாம். கம்மி என்று கூச்சப்படாதே, எவ்வளவு கம்மியோ அவ்வளவுக்கு உன் தங்கை படிப்பாள். உன் அப்பா ஆட்டோ ஸ்டாண்டில் ரெண்டு லட்சம் என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும், அதற்கு யாரும் சர்டிபிகேட் கேட்கப்போவதில்லை. அந்தச் சம்பளத்தில் மாசாமாசம் இவ்வளவு எப்படி அனுப்பினாய் என்று உன்னைக் கேட்க மாட்டேன். இனிமேல் அதில் பாதி அனுப்பினால் போதும், மீதியில் கறி வாங்கிச் சாப்பிடு. தேவசகாயம் உன் போட்டோ காட்டினான், சட்டைக்குள் உன்னைத் தேட வேண்டியிருந்தது.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், ரங்கநாதர் உன் பக்கம் திரும்பிப் படுக்கட்டும். முப்பதாம் தேதி, மறந்துவிடாதே.

என்றும் உன்
அம்மா
சா. அமிர்தவள்ளி