மூணாவது சிலிண்டர்

பிப்ரவரி 11, செவ்வாய்

நத்தத்தில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். லாரிக்கு இருமல். மேட்டில் ஏறும்போது ஏர் ஃபில்டர் பக்கம் 'டப்' என்று ஒரு வெடி, கூடவே கரும்புகை. பின்னால் பைக்கில் வந்தவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது வெள்ளைச் சட்டைதான் போட்டிருப்பார் போல.

ஆறு சிலிண்டரில் அஞ்சு வேலைக்கு வருது. ஒண்ணு சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டிருக்கு.

ஓட்டியது உடையப்பன். லாரியில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது. பன்னிரண்டு வருஷமாக ஒரே கேபின். கெட்டுப்போனது யார் பாதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 12, புதன்

லாரி ஸ்டாண்டில் இலவச மருத்துவ முகாம். டீசல் பீய்ச்சுகிற நோசில் என்றார் ஒருவர். பம்ப் என்றார் இன்னொருவர். டீசலில் தண்ணீர் என்று அடித்துச் சொன்னார் மூன்றாமவர். அவரிடம் லாரியே கிடையாது.

ஆறு நோசிலையும் மாற்றினேன். இப்போது புது நோசிலோடு இருமுகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

திங்கட்கிழமைதான் வால்வைத் தள்ளுகிற டேப்பட்டின் இடைவெளியை நானே சரிசெய்தேன். இன்றைக்கு மறுபடியும் டக் டக். நான் வைத்தால் நகராது. அப்படியென்றால் வண்டியை யாரோ போட்டு அடித்திருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ!

டீக்கடை வாசலில் வைத்தே கேட்டுவிட்டேன். "ஏலே, மேட்டுல மூணாவது கியர்லயே மிதிச்சு மிதிச்சு எஞ்சினைக் கொன்னுட்டியேடா. பாதி உன்னுதுங்கிறதுக்காக மொத்தத்தையும் கொல்லுவியா?"

இருபது பேர் இருந்தார்கள். எனக்குக் கூட்டம் இருந்தால் குரல் தானாக ஏறும்.

அவன் குடித்துக்கொண்டிருந்த டீயை முடித்தான். சாவியை பெஞ்சில் வைத்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டான்.

பதில் இருந்தால்தானே சொல்லுவான்.

பிப்ரவரி 15, சனி

உடையப்பன் வரவில்லை. போனும் இல்லை. நிம்மதி.

பிப்ரவரி 16, ஞாயிறு

நிம்மதி அதிகமாகிவிட்டது. அல்போன்சா கேட்டாள்: "யாரைத் திட்டலாம்னு வீட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வர்றீங்க?" கட்டின பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது.

பிப்ரவரி 17, திங்கள்

பைபாஸில் முத்துச்சாமி மெக்கானிக் ஷெட். மனுஷன் அளந்துதான் பேசுவார். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் பைப்பைத் தளர்த்திக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் சத்தம் மாறியது. மூன்றாவதைத் தளர்த்தினால் மாற்றமே இல்லை. "இதான் உங்க லீவு பார்ட்டி" என்றார்.

மூடியைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றவைத்து, வால்வு எவ்வளவு இறங்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். மூன்றாவது சிலிண்டரில் புகை வெளியேறுகிற வால்வு பாதிதான் திறக்கிறது. "புகை வெளிய போக வழியில்ல. வந்த வழியே திரும்புது. அதான் ஃபில்டர்ல வெடிக்குது. நோசில் என்ன செய்யும் பாவம்."

ரேடியேட்டரை இறக்கி, முன்பக்கத்தைப் பிரித்து, கேம் ஷாஃப்ட்டை உருவி எடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. வால்வைத் தள்ளித் திறக்கிற தண்டு அது. முட்டை மாதிரி மேடு மேடாக இருக்கும். அந்த ஒரு மேடு மட்டும் சப்பிப் போட்ட கமர்கட் மாதிரி தேய்ந்திருந்தது.

"வேகமா ஓட்டினா இப்பிடித் தேயுமாண்ணே?" நல்ல பதில் வரும் என்று ஆசையாகக் கேட்டேன்.

எஞ்சினிலிருந்து வடித்த ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "இது யாரு வாங்குறது?"

நான்தான் வாங்குகிறேன். ஒரு வருஷமாக. லேபிள் இல்லாத கேனில், தெரிந்த ஆள் தருகிறான் என்று.

தீபாவளி சமயத்தில் உடையப்பன் சொன்னான், "அண்ணே, ஆயில் தண்ணி மாதிரி இருக்குண்ணே" என்று. "நீ ஸ்டியரிங்கைப் பாரு, ஆயிலை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். ரொம்ப நல்லாப் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அல்போன்சாவிடம் சொன்னேன். "போய் உடையப்பன்கிட்ட சொல்லுங்க" என்றாள். முதலில் கேம், அப்புறம் மற்றது என்றேன். எனக்கும் ஒரு வரிசைமுறை உண்டு. பயம் முதலில், வேலை அடுத்தது.

பிப்ரவரி 20, வியாழன்

புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். வரவில்லை. நேற்றே பழைய இரும்புக் கடையில் ஒரு கேம் வாங்கிவிட்டேன். "உங்க வண்டிக்குன்னே பொறந்தது" என்றான் கடைக்காரன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று நாகல் நகரில் ஹாஃபிஸாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பெருமையாகத்தான் காட்டினேன். அந்தம்மா என் பழைய கேமையும் இதையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடுகளை அளந்தார்.

"எஞ்சின் நம்பர் பாத்தீங்களாண்ணே?"

"நீளம் பாத்தேன்."

"நீளம் சரிதான். இது டர்போ வச்ச எஞ்சினோட கேம். உங்க வண்டியில டர்போ கிடையாது. மேடெல்லாம் வேற அளவு. மாட்டிரலாம், ஓடவும் ஓடும். ஆனா நேரத்துக்கு எதுவும் தொறக்காது, மூடாது."

எங்கள் தெருவில் இப்படி இரண்டு ஆபீஸ் இருக்கிறது.

தேய்ந்ததிலேயே வெல்டிங் வைத்துக் கடைந்தால் என்ன என்றேன். "செய்றாங்க. மூட்டை ஏத்துற வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்." சரி, புதுசு. பழைய டேப்பட்டையே போட்டுக்கொள்ளலாமா என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். "பன்னெண்டும் மாத்தணும்ணே. பழைய டேப்பட் தேஞ்ச வாக்குல உக்காந்திருக்கும். புதுக் கேமை மாட்டுனா ஒரு மாசத்துல தின்னுரும்."

ஆர்டர் கொடுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். உடையப்பனைப் பார்ப்பதைத் தள்ளிப்போட இனி சாக்கு இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் சாமியாரிடம் செய்தால் போதாதாம். அல்போன்சா சட்டம். பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே உடையப்பன் ஊருக்கு, குஜிலியம்பாறை பஸ்.

உடையப்பன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றது. நிற்கட்டும். கேட்க வேண்டிய ஆள்தான்.

"கேம் தேஞ்சு போச்சுடா. ஆயிலால. நான் வாங்குன ஆயிலு."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"தொட்டாலே தெரியுமே. அன்னைக்கே தெரியும்."

"அப்ப டீக்கடையில வாயத் தொறந்து சொல்லவேண்டியதுதானடா?"

தழையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினான். "அம்புட்டுப் பேரு நின்னாங்கள்ல. உங்களை எப்பிடிச் சொல்றது."

அம்புட்டுப் பேருக்கு முன்னாடி நான் அவனைச் சொன்னேனே! கொஞ்சமாச்சும் யோசிச்சேனா? பன்னெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்து வந்தவனை... என்ன மனுஷன்டா நீ மிக்கேல்ராஜு.

தப்புடா என்றேன். தலையை மட்டும் ஆட்டினான்.

நாளையிலிருந்து மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டப்போகிறானாம். ராத்திரி வீட்டில் இருக்கலாம். "பங்கு அப்பிடியே இருக்கட்டும்ணே. நான் வரல." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

மார்ச் 1, சனி

கேம் மாட்டியாயிற்று. பன்னிரண்டு புது டேப்பட். நல்ல ஆயில், லேபிளோடு. புதுக் கேமை முதல் இருபது நிமிஷம் மெதுவாக ஓடவிடக் கூடாதாம். முத்துச்சாமி ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி நின்றார். நான் ஃபில்டரில் காது வைத்து நின்றேன். இருமல் இல்லை. ஆறு பேரும் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

மார்ச் 3, திங்கள்

அதே டீக்கடை. அதே நேரம். ஆள் சேரட்டும் என்று செத்த நேரம் காத்திருந்தேன். பதினேழு பேர். மூன்று பேர் குறைச்சல், ஆனாலும் சொன்னேன். எஞ்சினைக் கெடுத்தது உடையப்பன் இல்லை, நான், என் ஆயில். கூட்டம் இருந்தும் குரல் ஏறவில்லை. "சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்றான் ஒருத்தன். சத்தமாகச் சொன்னேன்.

சிரித்தார்கள். லாரி இல்லாத அந்த நிபுணர்தான் அதிகம் சிரித்தார்.

மார்ச் 9, ஞாயிறு

நத்தம் மேட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. பக்கத்து சீட்டில் சாப்பாட்டுத் தூக்கு வைத்திருக்கிறேன். அது பேசாது.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம் உடையப்பன் போன் செய்தான். "டீக்கடையில சொன்னீங்களாமே." ஆமாம் என்றேன். "எதுக்குண்ணே அதெல்லாம்." வண்டி எப்படி இழுக்கிறது என்று கேட்டான். சொன்னேன். டேப்பட் இடைவெளியை மறுபடி பார்க்கணுமே, எப்போது என்று கேட்டான். வருகிற ஞாயிறு என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேன் கிடையாது" என்றான்.