எந்தக் கால் என்று கேட்டேன்

மார்ச் 16, ஞாயிறு

இன்று தானா ராத்தா ஊர் மண்டபத்தில் அண்ணனின் தன்முனைப்பு உரை; ஊரூராகப் போய் ஊக்கப் பேச்சு பேசுவது அவன் தொழில். நான் எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"சர்க்கரை வியாதில கால் எடுத்த எங்கப்பாவ மூணு வருஷம் நான்தான் தூக்கிக் குளிப்பாட்டுனேன். பெத்தவங்களப் பாத்துக்கிட்டா வாழ்க்கை தானா உயரும்," என்றான். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அந்த மூன்று வருடமும் அப்பாவைத் தூக்கியவள் நான். வந்த வரனைக்கூட அதற்காகத்தான் வேண்டாமென்றேன். அண்ணன் அப்பாவின் சாவுக்குத்தான் வந்தான்.

கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கினேன்.

"நான் இவரோட தங்கச்சி. அண்ணே, அப்பாவுக்கு எந்தக் கால எடுத்தாங்க?"

சிரித்தான். "இங்க ஏம்மா அதெல்லாம்?"

"சும்மா சொல்லுங்க லா."

"இடது கால்."

"வலது," என்றேன்.

அவன் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தடுமாறினான். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

சற்றுமுன் அண்ணி போன் செய்தாள். "மானத்த வாங்கிட்டியே! அடுத்த ஞாயிறு அவரு கம்போங் ராஜா ஊர்லயும் பேசணும். எப்படி மூஞ்சியக் காட்டுவாரு?"

"எத்தனை மணிக்கு, அண்ணி?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டாள். பரவாயில்லை, விசாரித்துக்கொள்ளலாம்.